வெயிற்கம்பிகளுக்குள் ஆடிய எங்கள் அக்கா

அக்கா நெல்லியடியில், அம்மாவின் சீதன வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையில் துணி வெட்டிக் கொடுப்பவர். அவர் மாரடைப்பில் போனபோது தங்கையான நான் எட்டாம் வகுப்பு. அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் பழகினேன். அக்கா தொடர்ந்து படித்து நடன ஆசிரியை ஆனார். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் அவர்தான். அவருடைய நினைவு மலருக்கு நான் எழுதவேண்டி வந்திருக்கிறது. பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழையைவிட, எதை எழுதலாம், எதை விடவேண்டும் என்ற பயம்தான் எனக்குப் பெரிது. எழுதியதைக் கிழித்துக் கிழித்துத்தான் இதுவரை வந்திருக்கிறேன்.

அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், தபால் கந்தோரில் வேலை செய்தவர். அதிகம் கதைக்காதவர். அக்கா ஆடிப் பழகும்போது கதிரையில் இருந்து விரலால் தாளம் போடுவார், அதுவும் பிழையாகவே போடுவார். உங்கள் தாளத்துக்கு ஆடினால் கால்தான் முறியும் என்று அக்கா சிரிப்பார். அவர் கேட்டதாக இல்லை.

எண்பத்தேழில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் கோயில் வீதிக்கு வரச்சொன்னது. அத்தான் அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். அரசாங்க உத்தியோகம்தானே, விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பிடித்தவர்களைக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள்.

இந்தியாவோடு ஒப்பந்தம் வந்த பிறகு, தடுப்பில் இருந்தவர்கள் பஸ்களில் வந்து இறங்கினார்கள். அக்கா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போனார், நானும் கூடப் போனேன். பிள்ளைகளைக் கண்டு குழறிய தாய்மாருக்கு அக்காதான் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். அத்தான் எந்தப் பஸ்ஸிலும் வரவில்லை.

பிறகு ஒருநாள் கொடிகாமத்திலிருந்து ஒரு மரக்கறி வியாபாரி வீடு தேடி வந்தார். அத்தானோடு ஒரே அறையில் இருந்தவராம். ஒரு காலை அத்தானின் பெயரைக் கூப்பிட்டார்கள், எழும்பிப் போனார், திரும்பி வரவில்லை என்றார். வேறெங்கும் மாற்றினார்களோ, என்ன செய்தார்களோ தனக்குத் தெரியாது என்றார். அம்மா தலையில் அடித்து அழுதார். அக்கா அழவில்லை. உங்களை எப்படி இருத்தி வைத்தார்கள் என்று கேட்டார்.

அவர் சொல்லிப் பார்த்தார்.

"கதைச்சு விளங்காது தங்கச்சி," என்று சொல்லிவிட்டு எங்கள் விறாந்தையில் குந்தினார். கைகளைப் பின்னால் சேர்த்தார். ஆள் எண்ணும்போது அப்படித்தானாம். இடம் போதாமல் ஒருக்களித்துப் படுப்பதையும், ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்பவேண்டியதையும் நிலத்தில் படுத்தே காட்டினார். முகத்தில் எதையும் காட்டினால் அடி விழுமாம். அக்கா திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார். பாவம், இந்த மனிதனை வதைக்கிறாவோ என்று எனக்கு இருந்தது. அவரோ போகும்போது அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதிலிருந்து வந்ததுதான் அந்த நடனம். பரதம் படித்துவிட்டு இதென்ன கூத்து என்று சிலர் முகம் சுளித்ததால், அழைப்பிதழில் 'நவீன நடனம்' என்று போட்டார். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சலங்கை இல்லை, நகை இல்லை, பாட்டும் இல்லை. தொடக்கத்திலேயே கைகள் பின்னால் கட்டப்பட்டுவிடும். முத்திரை பிடிக்கக் கை இல்லாமல் தோளாலும் கழுத்தாலும் கால்விரலாலும் ஆடினார். அரைமண்டி மெல்ல மெல்லத் தாழ்ந்து, கடைசியில் குந்தலாகிவிடும். முகம் வெறுமையாகவே இருக்கும். ஓரிடத்தில் மட்டும், கட்டிய கையின் ஒரு விரல் முதுகில் தாளம் போடும். பிழையான தாளம். அது யாருடையது என்று எங்கள் வீட்டாருக்குத்தான் தெரியும்.

மறுபடி சண்டை தொடங்கிக் கரண்ட் நின்றுபோன காலம், மண்ணெண்ணெய்க்கும் வழியில்லை. தனிவகுப்புகள் நடக்கும் ஒரு ரியூட்டரிக் கொட்டிலை அக்கா கேட்டு வாங்கினார். அதன் மேற்குச் சுவர் பனைமட்டை வரிச்சு. பின்னேர வெயில் இடுக்குகளால் விழ, நிலத்தில் கம்பி கம்பியாக நிழல் கிடக்கும். அதற்குள்ளேதான் ஆடுவார். வெயில் சாயச் சாயக் கம்பிகள் நீண்டு, முன்வாங்கில் இருப்பவர்களின் மடிக்கு வந்துவிடும். சனம் அதைக் கண்டு தன்பாட்டில் காலை இழுத்துக்கொள்ளும்.

சிறைக் காவலாளி மேடைக்கு வருவதே இல்லை, சத்தம் மட்டும்தான். ஐயாவின் சினேகிதரான அளவெட்டித் தவில்காரர் ஒருவர், தவிலைச் சீலையால் சுற்றிச் சனத்துக்குப் பின்னால் நின்று, இடைக்கிடை ஓர் அடி போடுவார். சப்பாத்துக்கால் நடப்பதுபோல இருக்கும்.

"எல்லாரும் என்னை அடிக்கத்தான் கூப்பிடுறவை. நீர்தான் பிள்ளை அடியாமல் நிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்," என்று பகிடி விடுவார்.

உடுப்பு, அத்தானின் நீலச் சட்டை. அதைச் சிறுப்பித்துத் தரும்படி அக்கா கேட்டபோது எனக்குக் கத்தரிக்கோலை வைக்க மனம் வரவில்லை. அத்தான் வந்தால் எதைப் போடுவார் என்று கேட்டேன்.

"வெட்டாதை. உள்ளுக்குப் பிடிச்சுத் தை. அவர் வந்தாப் பிரிச்சு விடலாம்."

அப்படியே தோளிலும் பக்கங்களிலும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஒவ்வொரு முறையும் மேலே குண்டு போடப் பொம்மர் வருமோ, வந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வாசலடியிலேயே நிற்பேன். இது எந்தச் சிறை, யாருடைய சிறை என்று ஒருவர் கேட்டார். பார்க்கிற ஆட்களுக்குத் தெரியும் என்று அக்கா சொன்னார். அதற்குமேல் நான் எழுதவில்லை.

ஒரு விழாவுக்குப் பொறுப்பானவர் வீட்டுக்கே வந்தார். பெரிய மேடை தரலாம், ஆனால் முடிவை மாற்றவேண்டும் என்றார்.

"கடைசியிலை கதவு திறக்கவேணும் ரீச்சர். சனம் ஒரு நம்பிக்கையோடை வீட்டை போகவேணும்."

"அவர் வரட்டும் தம்பி. வந்த அண்டைக்குத் திறக்கிறன்," என்றார் அக்கா.

மேடை கிடைக்கவில்லை. கொட்டிலிலேயே ஆடினார்.

கடைசியாக ஆடியது ஓர் ஐப்பசிப் பின்னேரம். மழைக்காலத்தில் வேண்டாம் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. பாதியில் மேகம் மூடிவிட்டது. நிலத்தில் கிடந்த கம்பிகள் ஒரேயடியாக அழிந்துபோயின. அடிப்பதோ விடுவதோ என்று தெரியாமல் தவில்காரரும் நிறுத்திவிட்டார். யாரோ கை தட்டினார்கள். ஒரு தாய் எழும்பி நின்று, "விட்டிட்டாங்கள் பிள்ளை, எழும்பு," என்றார். அக்கா எழும்பவில்லை. கம்பிகள் கிடந்த இடத்துக்குள்ளேயே, வாசலைப் பார்த்தபடி குந்திக்கொண்டிருந்தார். மழை பிடித்தது. சனம் போகவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தது. மழை விட்டபிறகு நான் போய்க் கைக்கட்டை அவிழ்த்தேன்.

"வெயில்தானே போனது," என்றார்.

மார்கழியில் அக்காவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. டொக்டர் துண்டு எழுதித் தந்தார், அந்த மருந்து ஒரு கடையிலும் இல்லை. தனக்கு இனிச் சட்டை வேண்டாம், தையலைப் பிரித்து வை என்று அக்கா சொன்னார். சுகம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். சுகம் வரவில்லை.

செத்தவீட்டில் குருக்கள் கேட்ட முதற் கேள்வி, புருஷன் இருக்கிறாரோ என்பதுதான். இருந்தால் பொட்டு வைத்துக் கூறை உடுத்தி அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் வேறு முறை. முற்றம் நிறையச் சனம். அம்மா என்னைப் பார்த்தார்.

"அக்கா ஒருநாளும் பொட்டில்லாமல் இருந்ததில்லை. இண்டைக்கு மட்டும் ஏன் எடுக்கவேணும்," என்று சொல்லி நானே வைத்தேன். நம்பிக்கையில் வைக்கவில்லை. அத்தான் இல்லை என்று சொல்லவும் ஒருவரிடமும் அத்தாட்சி இல்லை. கூறையும் உடுத்தினோம். கொள்ளியை ஒன்றுவிட்ட தம்பி வைத்தான்.

இன்று ஆண்டுத் திவசம். அன்று வாழையிலையோடு சைக்கிளில் வந்து, சுடலைவரை தோள் கொடுத்த கொடிகாம வியாபாரிக்கும், வீட்டு வாசலில் அந்த ஒற்றை அடியைக் கடைசியாக ஒருமுறை போட்டுவிட்டுத் தவிலை இறக்கி வைத்த அளவெட்டி ஐயாவுக்கும், மருந்து தேடித் திரிந்த அயலவருக்கும், கொட்டில் தந்தவருக்கும், கடதாசி கிடையாத நேரத்தில் கொப்பித் தாளிலே இந்த மலரை அச்சடித்துத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தானுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஊரிலுள்ள விலாசமெல்லாம் தெரிந்த மனிதர். அவருக்கு அனுப்ப எங்களிடம் விலாசம் இல்லை. அக்கா சொன்னபடி சட்டையைப் பிரித்துவிட்டேன். தையல் இருந்த இடமெல்லாம் ஊசித்துளை வரிசையாகத் தெரிகிறது, தோய்த்தும் போகவில்லை. மடித்து அலுமாரியில் வைத்து, அதன்மேல் இந்த மலரை வைக்கிறேன்.