மனமில்லை என்பதற்கு இங்கிலீஷில்

மருத்துவமனையில் அவருக்கு எக்ஸ்ரேக்காரர் என்றுதான் பெயர். நாள் முழுக்க அவர் பேசுவதே "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதுதான். வீட்டில் அந்த அளவுக்குக்கூடக் கிடையாது. மனைவி ஏதாவது கேட்டால் "உம்" என்பார். கேட்காவிட்டால் அதுவும் மிச்சம்.

வெளிநாட்டில் இருந்த மனைவியின் அண்ணன் ஒருநாள் போன் செய்தார்.

"இங்க எக்ஸ்ரே எடுக்க ஆள் இல்லாம தவிக்கிறாங்க. மாப்பிள்ளையை இங்கிலீஷ் பரீட்சை மட்டும் எழுதச் சொல்லு."

"எழுதுறீங்களா?" என்றாள் மனைவி.

"உம்."

அது சம்மதமாகக் கணக்கில் ஏறிவிட்டது.

பயிற்சி வகுப்பில் சேர்ந்து, தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி நெட்டுருப் போட்டார். காலையில் படித்த வார்த்தை மாலைக்குள் கழுவிவிட்டதுபோல் போய்விடும். ஆசிரியை அவரைவிட வயதில் சிறியவர், ஆனால் கறார் பேர்வழி.

"சார், இப்படி உருப்போட்டா நிக்காது. ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்க வாழ்க்கையிலேர்ந்து ஒரு வாக்கியம் எழுதுங்க. உண்மையா இருக்கணும்."

வினை அங்கேதான் பிடித்தது. 'டீடியஸ்' என்றால் அலுப்புத் தட்டுவது. மச்சானின் போன் பேச்சை வைத்து ஒரு வாக்கியம் சட்டென்று வந்துவிட்டது. 'கன்டென்டட்' என்றால் இருப்பதே போதும் என்ற நிறைவு. ஞாயிறு மாலை மொட்டைமாடியில் காயும் துணிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காருவதை எழுதினார். அடுத்தது 'ரிலக்டன்ட்'. மனமில்லாமல் இருப்பது. பேனா நின்றுவிட்டது. வெளிநாடு போகத் தனக்குத் துளியும் மனமில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

பேச்சுத் தேர்வில், ஏன் வெளிநாடு போக விரும்புகிறீர்கள் என்று கேட்டார் தேர்வாளர். அதற்கு ஆசிரியை தயாரித்துக் கொடுத்த நல்ல பதில் ஒன்று இருந்தது. ஆனால் "ஐ ஆம் ரிலக்டன்ட்" என்று ஆரம்பித்தவர் மடை திறந்ததுபோல் பேசினார். மொட்டைமாடி வந்தது, பனியைப் பற்றிய பயம் வந்தது, மச்சானின் உபதேசமும் வந்தது. தேர்வாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். போக மாட்டேன் என்பதை அவ்வளவு அழகாகச் சொன்னதற்கு ஒன்பதுக்கு எட்டு மதிப்பெண். போவதற்கு முழுத் தகுதி.

"என் கண்ணே பட்டுடும்போல இருக்கு! அப்படி என்னதான் பேசுனீங்க?" என்றாள் மனைவி.

பொய் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பேச்சுப் பழக்கம் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "முன்னபின்ன தெரியாத ஆள்கிட்ட கொட்டியிருக்கீங்க. ஒரே கூரைக்குக் கீழ இருக்கேன், எங்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"தமிழ்ல எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"'எனக்குப் பிடிக்கல'ன்னு ஆரம்பிக்கணும்!"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்டார்: "ஆமா, நீ எதுக்குப் போகணுங்கிற?"

"எனக்கு மட்டும் அங்க போய் நடுங்கணும்னு வேண்டுதலா? அண்ணனைப் பாத்து எத்தனை வருஷமாச்சு! பாக்கணும், அவ்வளவுதான்."

விடுமுறையில் இருவரும் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். மச்சான் விமான நிலையத்திலேயே கட்டிப்பிடித்து அழுதார். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் தேர்வு எதுவும் வேண்டியதில்லை என்பது விசாவுக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது.