பச்சை வயர்

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஓர் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடியது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அம்மா சாப்பாட்டு மேசையின் மேல் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் துவைத்த துண்டை விரித்து, அதற்கும் மேல் உக்குலேலேயைக் கிடத்தினாள். நான்கு நைலான் கம்பிகள் கொண்ட, கிட்டாருக்குத் தங்கை மாதிரியான வாத்தியம். அதன் வயிற்றுக்குள் பேட்டரியில் ஓடும் சின்ன மின்சுற்று ஒன்று உண்டு. பக்கவாட்டில் இருக்கும் துளையில் வயரைச் செருகி, மறுமுனையை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் சத்தம் பெரிதாகக் கேட்கும். அதுதான் ஏற்பாடு. ஆனால் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்ததும், அம்மா கம்பியைத் தொடுவதற்கு முன்பே, அது 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தது.

"கேட்டியா? செத்த எலி மேல ஈ மொய்க்கிற மாதிரி. சீ!"

அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை 'சீ' சொல்வாள் என்று யாரும் எண்ணியதில்லை. வேலை செய்த இடத்தில் அவள் பெயரே 'சீச்சீ'தான். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய லாண்டரி அது. வந்து இறங்கும் மூட்டைகளைப் பிரித்து, கறையைப் பார்த்து வகை பிரிப்பது அம்மாவின் வேலை. வெள்ளைத் துணியின் மேல் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வாந்தி, ரத்தம், தலைச்சாயம், ஷூ துடைத்த தலையணை உறை. ஒரு கையில் இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு, மூட்டைக்கு மூட்டை 'சீ' சொல்லிக்கொண்டு, ஒரு விரிப்பைக்கூட வகை மாற்றிப் போடாமல் வேலை பார்த்தாள். வீட்டில் கதவை முழங்கையால் திறப்பாள். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டையோடு பிடிப்பாள். சொந்த மகள் நான், ஊரிலிருந்து வந்தால் என் பையை வாசலிலேயே நிறுத்திவைப்பாள்.

"எந்தத் தரையில வச்சியோ."

உக்குலேலேயும் ஒரு மூட்டைக்குள்தான் வந்தது. யாரோ அறையில் விட்டுப் போனதைப் போர்வையோடு சுருட்டி அனுப்பிவிட்டார்கள். ஹோட்டலில் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் தேடி வரவில்லை. லாண்டரி மேஸ்திரி குப்பையில் போடச் சொன்னார். அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதல் வேலையாகப் பழைய கம்பிகளைக் கத்தரித்து, இடுக்கியால் எடுத்து, பொட்டலம் கட்டி எறிந்தாள். பிறகு ஸ்பிரிட்டால் தேய்த்தாள். ஒரு பக்கம் பாலிஷ் போய் வெளுத்துவிட்டது. யாருடைய வியர்வையோ போயிற்று, அது போதும் அவளுக்கு. கைபேசியில் பார்த்து வாசிக்கப் பழகினாள். முதல் ரசிகை, முதல் எதிரி இரண்டும் ஒருத்திதான். நெட்டை.

நெட்டை அதே லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். அம்மாவின் தோளுக்கு மேல் ஒரு தலை உயரம். "ஏண்டி சீச்சீ, தேங்கா துருவுறியா, பாட்டு வாசிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, முழுப் பாட்டும் முடியும்வரை நகராமல் நிற்பாள்.

அந்த நெட்டை வரும் வெள்ளிக்கிழமையோடு வேலையை விடுகிறாள். கை விரலில் முள் முள்ளாகக் குத்துகிறதாம். இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கவே பயமாக இருக்கிறதாம். டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். மேஸ்திரி, "வேலை செய்ய வணங்காத கைக்கு மருந்து கிடையாது" என்றார். வேலையை விட்டால் நெட்டை மகன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். அங்கே மருமகள் வைத்ததுதான் சட்டம். நெட்டைக்கு அது துளியும் பிடிக்காது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. அவளை வழியனுப்பும்போது லாண்டரி சாப்பாட்டு அறையில் ஒரு பாட்டு வாசிப்பது என்று அம்மா முடிவு செய்திருந்தாள்.

பக்கத்து அறையில் துவைக்கும் மெஷின்கள் உறுமுவதால் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஒன்றும் கேட்காது. போன வாரம் ஒத்திகை பார்த்தாளாம். இரைச்சல்தான் கேட்டது.

"மேஸ்திரி என்ன சொன்னாரு தெரியுமா? 'சீச்சீ, கொசு மட்டும்தான் பாடுது, நீ எப்போ பாடுவே'ன்னாரு. வாயில சோத்தோட சிரிச்சாரு. பருக்கை பறந்து வந்து என் வாத்தியம் மேல விழுந்துச்சு. சீ! அதையும் நான்தான் துடைச்சேன்."

நான் லிஃப்ட் கம்பெனியில் கன்ட்ரோல் போர்டு சோதிப்பவள். சோதிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் கைபேசியை வேறு அறையில் வைத்தேன். இரைச்சலில் மாற்றமில்லை. டியூப் லைட்டை அணைத்தேன். 'கிர்ர்' என்று கூடவே வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. 'ம்ம்ம்' அப்படியே இருந்தது.

"அப்போ இது ரெண்டு கறை," என்றாள் அம்மா. "ஒண்ணு மேல ஒண்ணு. மேல இருக்கிறது போயிடுச்சு. அடியில இருக்கிறதைப் பாரு."

பேட்டரி மூடியைக் கழற்றினேன். பேட்டரி கசிந்து, நீலப் பச்சையாகப் பூசணம் போல ஏதோ பூத்திருந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். பிறகு தானாகவே திரும்பி வந்து, கையுறை மாட்டி, பஞ்சில் வினிகர் தொட்டுச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். தொண்டையில் 'உவ்வே' என்ற சத்தம். கை மட்டும் நிற்கவில்லை. புது பேட்டரி போட்டதும் இடையிடையே வந்த வெடிப்புச் சத்தம் நின்றது. 'ம்ம்ம்' நிற்கவில்லை.

வயரை மாற்றினேன். அதேதான். உக்குலேலே வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து உருவினால் அமைதி. ஆக, ஆம்ப்ளிஃபயர் தானாக இரையவில்லை. ஆனாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் முதுகைத் திறந்து பார்த்தேன். யாரோ வைத்திருந்து கைமாறிய பெட்டி. உள்ளே சிகரெட் நாற்றம், கரப்பான் முட்டைக் கூடுகள், காய்ந்த கால்கள். அம்மா வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து நீட்டினாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதைத்தான் நான் இத்தனை நாள் சாப்பிடுற மேசை மேல வச்சிருந்தேனா? என்னை இப்பவே வாஷிங் மெஷின்ல போடு."

எல்லாவற்றையும் மறுபடி மாட்டினேன். இரைச்சல். அப்போதுதான் கவனித்தேன். உக்குலேலேயில் செருகும் முனையில் அம்மா ஒரு துணித் துண்டைச் சுற்றித் தைத்திருந்தாள். உலோகத்தில் கை படவே கூடாதாம்.

"துணியை எடுத்துட்டு வெறும் விரலால தொடும்மா."

"யார் யார் பிடிச்சதோ."

"கழுவிக்கலாம். தொடு."

ஒற்றை விரலால் தொட்டாள். இரைச்சல் பாதியாக அடங்கியது. உடம்பு பட்டதும் அடங்கினால், போக வேண்டிய மின்சாரத்துக்கு வேறு வழி இல்லை என்று பொருள். எர்த் இல்லை. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"ஏண்டி, விரல்ல என்னமோ ஓடுது. முள் முள்ளா."

அவள் கையைத் தட்டிவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். அம்மா விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழுவப் போகவில்லை. அவள் எதையாவது தொட்டுவிட்டுக் கழுவாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"நெட்டை இப்படித்தான் சொல்லுவா. இதே வார்த்தை."

ஆம்ப்ளிஃபயரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் செருகியிருந்தோம். அதைத் திறந்தேன். எர்த்துக்குப் போகும் பச்சை வயர் வெட்டப்பட்டு, மடக்கி, கறுப்பு டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. தெரியாமல் அறுந்த வயருக்கு யாரும் டேப் சுற்றுவதில்லை. ஆம்ப்ளிஃபயரை நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். அமைதி. அம்மா ஒரு முறை கம்பிகளைத் தட்டினாள். சுத்தமான ஒலி, கழுவிய பாத்திரம் மாதிரி. அவள் சிரிக்கவில்லை.

"இந்த பாக்ஸ் எங்கேர்ந்து வந்துச்சு?"

"லாண்டரியிலேர்ந்துதான். வேண்டாம்னு போட்டாங்க. துடைச்சு எடுத்துட்டு வந்தேன். அங்க எல்லாத்துலயும் இப்படித்தான். இஸ்திரிப் பெட்டிங்க சேர்ந்து ஓடினா மெயின் ட்ரிப் ஆகும். வேலை நிக்கும். அதனால மேஸ்திரி ஆள் வச்சு எல்லாப் பச்சை வயரையும் வெட்டிட்டாரு. அப்புறம் ட்ரிப்பே ஆகல. நாங்க கைதட்டினோம்."

இஸ்திரிப் பெட்டிகளில் மின்சாரம் கசிகிறது. கசிவைத் தரைக்குக் கொண்டுபோகும் வழியை வெட்டிவிட்டார்கள். அது பிடித்திருப்பவள் வழியாகப் போகிறது. இவ்வளவுதான் விஷயம். சொன்னேன்.

"அப்போ மத்தவங்களுக்கு ஏன் குத்தல?"

"எதுமேல நிக்கிறாங்க?"

"ரப்பர் பாய்."

"நெட்டை?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நெட்டை இடம் மெஷின் பக்கம். தரை எப்பவும் ஈரம். அவ பாய் அழுகி நாத்தம் பிடிச்சிருந்துச்சு. அடியில வழவழன்னு கறுப்பா. என்னால பார்க்க முடியல. நான்தான் தூக்கி எறிஞ்சேன். வேற பாய் வரும்னு சொன்னாங்க. வரல." பிறகு சொன்னாள்: "குத்துதுன்னு அவ சொன்னப்போ, 'வயசாச்சுடி நெட்டை, சும்மா இரு'ன்னேன். சீ!"

வழக்கமாக அந்தச் சொல்லை வெளியே பார்த்துச் சொல்வாள். அன்று மடியைப் பார்த்துச் சொன்னாள்.

மறுபடி எர்த் கொடுத்தால் ட்ரிப் ஆகும் என்றேன். எந்தப் பெட்டி ட்ரிப் ஆக்குகிறதோ அதைக் குப்பையில் போட வேண்டும் என்றேன்.

"போடட்டும். மேஸ்திரியையும் சேர்த்துப் போடட்டும்."

அன்று மாலையே கடைக்குப் போய்ப் புதிய மூன்று பின் பிளக்குகளும் ஒரு ரப்பர் பாயும் வாங்கினாள். என் டெஸ்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெட்டி மேல் வைத்தால் விளக்கு எரியும், நெட்டை கண்ணால் பார்க்கட்டும் என்றாள். பிறகு அவளுக்கு போன் செய்தாள்.

"நெட்டை, நாளைக்கு உனக்கு ஒண்ணு காட்டணும்... போன்ல சொல்ல மாட்டேன்... அடி போடி, கல்யாணம் ஒண்ணும் இல்ல, எனக்கு எவன் கிடைப்பான்? நேர்ல சொல்றேன். காலையில வந்ததும் பெட்டியைத் தொடாத. நான் வர்ற வரைக்கும் தொடாத."

போனிலேயே சொல்லலாமே என்றேன். "பாயை எறிஞ்சது நான். அவ மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்," என்றாள்.

திங்கள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கிளம்பினாள். பையை வாசல் ஆணியில் மறந்துவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் அது நினைவு வந்து திரும்பியிருக்க வேண்டும். வீட்டைப் பார்த்தபடி விழுந்தாள் என்றார்கள். மாரடைப்பு. கைபேசி சாக்கடையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். அது இனி எரியாது. நெட்டையின் எண் அதற்குள் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அம்மாவை மூடியிருந்த விரிப்பின் ஓரத்தில் பழுப்புக் கறை. சரியாக அலசாமல் இஸ்திரி போட்டு நிரந்தரமாக்கிய கறை. அம்மாவாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள். வேறு விரிப்பு கேட்டேன். நர்ஸ் என்னை விசித்திரமாகப் பார்த்தார். கொண்டுவந்தார். அதிலும் கறை.

நேற்று எல்லாம் முடிந்தது. மேஸ்திரி ஆபீஸ் ஆள் ஒருவரோடு வந்தார். ஷூவைக் கழற்றவில்லை. சோபாவில் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, விரலைத் திரைச்சீலையில் துடைத்தார்.

"உங்கம்மா மாதிரி சுத்தம் பார்க்கிற ஆள் கிடையாதும்மா."

"மத்தவங்க யாரும் வரலையா?"

"சீசன். ஹோட்டலெல்லாம் ஃபுல். ரெண்டு பேர்தான் வர முடிஞ்சது."

"நெட்டை?"

"அவ பெட்டிகிட்ட நிக்கிறா. நேத்து காலையிலேயே ஒரே தகராறு. பெட்டியைத் தொட மாட்டேன், சீச்சீ வரட்டும்னு உட்கார்ந்துட்டா. சேதி வந்த பிறகுதான் எழுந்து பிடிச்சா. அழுதுகிட்டே போட்டா."

பச்சை வயரைப் பற்றிச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்போ இதையெல்லாமா பேசுறது? துக்க வீட்டுல? எர்த் குடுத்தா ட்ரிப் ஆகும்மா. நீங்க லிஃப்ட்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் போன பிறகு திரைச்சீலையைக் கழற்றி ஊறவைத்தேன். அவர் குடித்த கோப்பையைக் கழுவவில்லை, எறிந்துவிட்டேன். வாயில் ஏதோ ஊறிக்கொண்டே இருந்தது. துப்பத் துப்பப் போகவில்லை.

இன்று புதன். லாண்டரியின் பச்சை வயர்களை மறுபடி இணைப்பது, மெக்கானிக் ஒருவர் ஒரு காலைப் பொழுதில் முடிக்கக்கூடிய வேலை. உக்குலேலே துண்டின் மேல் அப்படியே கிடக்கிறது. பையை இன்று காலைதான் ஆணியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். சுருட்டிய ரப்பர் பாய். பிளக்குகள். டெஸ்டர். அடியில், கைக்குட்டையில் மடித்து, எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து அவள் எப்போது கழற்றினாளோ, டேப் சுற்றிய அந்தப் பச்சை வயர்த் துண்டு. ஒரு ஜோடி புதுக் கையுறையும் இருந்தது. அளவு பெரிது. அம்மாவுடைய கைக்கு அது சேராது.

லாண்டரி ஷிஃப்ட் எட்டு மணிக்குத் தொடங்குகிறது. நெட்டையிடம் யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.