டூப்ளிகேட் இல்லாத செடி

எங்கள் பெரியப்பா சாவி செய்கிறவர். மாடிப்படிக்கு அடியில் கடை. கடை என்றால் ஒரு ஸ்டூல், ஓர் அரம், சாவி வெட்டும் மெஷின். ஊரில் பாதி வீட்டுக்கு டூப்ளிகேட் போட்டுக் கொடுத்த மனுஷர், ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் டூப்ளிகேட் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அது மாடி வராந்தாவில் பெரியம்மா நட்டுவிட்டுப் போன ரணகள்ளிச் செடி. பெரியம்மா கண்ணை மூடிய பிறகு அவருக்கு மிச்சம் அதுதான்.

மொட்டு விட்டால் உடனே கத்தரிப்பார். தேனீ அண்டாமல் இருக்கக் கொசுவலை வேறு.

"பூ இல்லேன்னா விதை இல்ல. விதை இல்லேன்னா எவன் வீட்லயும் இது முளைக்காது. எப்படி என் பூட்டு?"

"பிரமாதம் பெரியப்பா. செடியைச் சாமியாராவே ஆக்கிட்டீங்க."

"போடா, வாயாடி."

உதிர்ந்த இலைகளை மட்டும் ஒழுங்காகப் பெருக்கி, மாடியிலிருந்து தெருவில் தள்ளுவார். அந்த இலையின் ஓரம் சாவி மாதிரியே பல் பல்லாக இருக்கும். ஈர மண்ணில் விழுந்தால் போதும், ஒவ்வொரு பல்லிடுக்கிலும் வேரோடு ஒரு குட்டிச் செடி. பூ வேண்டாம், தேனீ வேண்டாம், ஜோடியே வேண்டாம். தையல்காரர் வீட்டு ஓட்டை வாளியில், சைக்கிள் கடை டயருக்குள், சாக்கடை ஓரத்தில் என்று தெரு முழுக்கப் பெரியம்மாதான். குனிந்த தலை நிமிராமல் சாவி வெட்டுகிறவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் பாசம் முற்றிப்போய், தண்ணீர் ஊற்றி ஊற்றி அவரே செடியை அழுகடித்தார். அன்றைக்குக் கடை திறக்கவில்லை. கேலி செய்யத்தான் மாடி ஏறினேன். கொசுவலைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவது தடவையும் போயிட்டாடா."

இறங்கி ஓடினேன். டயருக்குள்ளிருந்து ஒன்றைப் பிடுங்கி வந்து நீட்டினேன்.

"ஏதுடா இது?"

"நீங்க பெருக்கித் தள்ளின இலைதான். தெரு பூரா கிடக்கு, எட்டிப் பாருங்க."

பார்த்தார். முகம் சிவந்தது. அடி விழும் என்று ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டேன். ஆனால் அவர், அரம் போட்ட சாவியைப் பார்ப்பது போல, அந்தக் குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அதோட பிள்ளையா?"

"பிள்ளைன்னா அப்பா வேணுமே. இது அதேதான். அச்சு அசல்."

"அப்ப டூப்ளிகேட்டு."

"ஏன், நீங்க போடுற டூப்ளிகேட்டு பூட்டைத் திறக்காதா?"

தொட்டியில் மண்ணை மாற்றி நட்டார். கொசுவலையைச் சுருட்டி என் கையில் திணித்தார்.

இப்போது சாவி போட வருகிறவர்களுக்கெல்லாம் ஓர் இலையும் சேர்த்துக் கொடுக்கிறார். வேண்டாமென்றாலும் விடுவதில்லை.

"பத்திரமா வச்சுக்கோங்க. ஒரிஜினல்."