'ஸ்' ஒழித்த உபதேசியார்

வரதராசன்பேட்டைக்குக் கிழக்கே, முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருந்த சிற்றூரில் யாகப்பன் உபதேசியாராக இருந்தார். பங்குச்சாமியார் மாதம் ஒருமுறைதான் பூசை வைக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பது, செபம் சொல்வது, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவிக்கும் ஓலை படிப்பது எல்லாம் யாகப்பன்தான். ஊரில் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. வாசிக்கும்போது யாரும் காதுகொடுத்துக் கேட்டதுமில்லை.

2001இல் திருச்சிக்கு ஒரு பயிற்சிக்குப் போனார். அங்கே ஒரு குருவானவர் சொன்னார்: நற்செய்தியை எழுதியது கிரேக்கத்தில், கிரேக்கருக்கு 'ஷ' வராது, ஆண் பெயர் வெறுமனே முடிந்தால் பிடிக்காது, கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்துவிடுவார்கள். அப்படித்தான் யெஹூதா யூதாஸ் ஆனார், யெஷுவா யேசூஸ் ஆனார்.

யாகப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆண்டவர் பெயரிலேயே கைவைத்துவிட்டார்களே!

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். இயேசுவின் தலைமுறை வரலாற்றில் பெயர்களையெல்லாம் எபிரேயத்துக்குத் திருத்தி வாசித்தார். "அவ்ராஹாம் யிட்சாக்கைப் பெற்றார். யிட்சாக் யாக்கோவைப் பெற்றார்..."

வரலாற்றிலேயே முதல்முறையாக அந்தக் கோயிலில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "உபதேசியாரு வேற சபையில சேந்துட்டாருபோல" என்றார்கள் வெளியே வந்து.

மனைவி மரியசெல்வத்தை வீட்டில் 'மிரியாம்' என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் இரண்டு நாள் திரும்பிப் பார்க்கவேயில்லை. மூன்றாம் நாள், "யாரைக் கூப்புடுறீங்க? பக்கத்து வூட்டுல ஆளு இருக்கா?" என்றாள்.

மகள் எலிசபெத்துக்கு உடையார்பாளையம் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் ஸ்டீபன். முதல் ஓலையை அப்பாவே வாசித்தார்: "யாக்கோவ், மிரியாம் இவர்களின் மகள் எலிஷெவா..."

பின்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை லீலா மேரி உட்கார்ந்திருந்தாள். மத்தியானமே மாப்பிள்ளையின் தகப்பனார் சவரியார் வந்து நின்றார். "நாங்க பாத்தது யாகப்பன் பொண்ணு எலிசபெத்தை. இந்த எலிஷெவா யாருங்க? மூத்ததை மறைச்சு வச்சிருக்கீங்களா?"

எலிசபெத் அழுதாள். மரியசெல்வம் நேரே பங்குச்சாமியாரிடம் போய் அவரைக் கையோடு கூட்டி வந்தாள்.

"உபதேசியாரே, கல்யாணம் உம்ம மகளுக்கா, எபிரேயத்துக்கா?" என்றார் சாமியார்.

"மன்னிக்கணும் சாமி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஸ்டீபனுக்கு எபிரேயத்துல என்ன?"

"ஒண்ணும் இல்ல. அது பொறந்ததே கிரேக்கத்துலதான்."

யாகப்பன் இடிந்து உட்கார்ந்தார். "அப்ப மாப்பிள்ளை கிரேக்கனா சாமி?"

"இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் மரியசெல்வம். "மூணு ஏக்கர் முந்திரி இருக்கு."

அடுத்த ஞாயிறு ஓலையைப் பழைய பெயர்களோடு மறுபடி வாசித்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. 2004இல் பேத்தி பிறந்தாள். சம்பந்தி வீட்டார் ஷாலினி என்று முடிவு செய்துவிட்டு, மரியாதைக்காக அவரையும் ஒரு வார்த்தை கேட்டார்கள்.

"ஷாலினி வேதத்துலயே இல்ல. அதனால எவனும் கெடுத்திருக்க முடியாது. வைங்க" என்றார் யாகப்பன்.