பாவாடை கட்டி ஆடியவர்

எல்லையில் சண்டை ஓய்ந்து பத்து நாளாகிறது. அங்கே ராணுவத்தில் இருக்கும் என் கணவர் இன்று காலை ஒரு வீடியோ அனுப்பினார். முகாமில் வீரர்கள் நெய் டின்னைத் தட்டிப் பாட, அவர் சிவப்புப் பாவாடை கட்டி, உதட்டுச் சாயம் பூசி ஆடுகிறார்.

"அம்மா, அப்பா பொம்பள!" என்று மகன் கைதட்டினான். என் காதில் அந்த டின் சத்தம்தான் நின்றது.

என் அப்பாவும் ராணுவம்தான். நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு சண்டை முடிந்து திண்டிவனம் வீட்டுக்கு லீவில் வந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு ஒரு பாவாடை இருந்தது. சோர்ந்திருந்தவர்களைச் சிரிக்க வைக்க முகாமில் கட்டி ஆடினாராம். மல்லாட்டைத் தோலை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்த அத்தை, தம்பியைக் கேலி செய்யாமல் விடவில்லை.

"எங்களுக்கும் ஆடிக் காட்டுடா ராணி, சும்மா உக்காந்துக்கினு கீறியே!"

நான் எண்ணெய் டின்னைத் தட்டினேன். அப்பா இடுப்பை வளைத்து இரண்டு சுற்று ஆடினார். எல்லாரும் சிரித்தோம். திடீரென்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"இது சேகரோடதுக்கா. எப்பவும் அவன்தான் ஆடுவான். சண்டையில செத்துட்டான். இடுப்பளவு எனக்குச் சரியா இருக்குதுன்னு என்னைக் கட்டிக்கச் சொல்லிட்டாங்க."

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் டின்னைத் தட்டவில்லை.

இந்தச் சண்டைக்கு முன்பு, பொங்கலன்று என் கணவர் அனுப்பிய வீடியோவில் இதே சிவப்புப் பாவாடையில் ஆடியவர் வேறொருவர், ஒல்லியானவர். லீவில் போயிருக்கலாம். மாற்றலாகியிருக்கலாம். "பொங்கலுக்கு ஆடினவர் எங்கேங்க?" என்று போனில் எழுதினேன். கேட்டால் இவருக்கு இருக்கும் சிரிப்பும் போய்விடுமோ என்று அழித்தேன். மகன் வீடியோவை மறுபடி போடச் சொன்னான். போட்டேன். பிறகு அதே கேள்வியை எழுதி அனுப்பிவிட்டேன்.

அவர் பார்த்துவிட்டதாக நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.