குடும்பப் பெயர்

நான் கப்பலேறிய வருஷம் அப்பாவுக்குக் கால் வீக்கம் தொடங்கியிருந்தது. வெண்ணந்தூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம். சுற்றிலும் தறிச் சத்தம். அதைக் கேட்டே வளர்ந்ததாலோ என்னவோ எனக்கு நெசவு யந்திரம் படிக்க ஆசை வந்து, இங்கிலாந்தின் வடக்கே ஒரு சர்வகலாசாலையில் இடமும் கிடைத்துவிட்டது. போகாதே என்று அப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சேலம் ஜங்ஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னார்.

"போய்ச் சேந்ததும் ஒரு சேதி போட்டுரு சாமி. அது வந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

"வாரேனுங்கப்பா" என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

இறங்கியதும் தந்தி கொடுத்திருக்கலாம். கொடுக்காததற்குச் சோம்பல் காரணமில்லை. எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு. தந்திக்காரன் தெருவுக்குள் நுழைந்தாலே பெண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடுவார்கள். உறையைப் பிரிப்பதெல்லாம் அப்புறம்தான். கால் வீங்கியிருக்கிற மனிதரை அப்படிப் பயமுறுத்தக் கூடாது என்று கடிதம் எழுத முடிவு செய்தேன். கப்பல் தபால் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். ஆகட்டுமே, அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சர்வகலாசாலை ஆபீசில் பெயர் பதிய நின்றேன். குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். என் இங்கிலீஷ் முழுக்கப் புத்தகத்தில் படித்தது. குடும்பம் என்றால் அப்பா. அவர் பெயரைத் தவிரக் குடும்பத்துக்கு வேறு என்ன பெயர் இருக்க முடியும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அப்பாவின் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன். பிறகு என் பெயரைக் கேட்டு அதற்குப் பின்னால் சின்னதாக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அங்கே என் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

பெற்றவர் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஊர் எங்களுடையது. அம்மா ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பையன்கள், உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வதற்கு அந்தப் பெயரை மொட்டையாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு நாள் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் வெட்கமில்லாமல் பழகிவிட்டேன்.

கடிதத்தில் இதைத்தான் வேடிக்கையாக எழுதியிருந்தேன். இங்கே நான் அப்பா பெயரில் உலாவுகிறேன், இனிமேல் தபாலுக்கும் அதையே போடுங்கள் என்று. குளிரைப் பற்றியோ, வாயில் வைக்க முடியாத சோற்றைப் பற்றியோ, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததைப் பற்றியோ எழுதவில்லை.

விடுதி வாசலில் ஒரு போர்ட்டர் இருந்தார். நம் ஊர்ப் போர்ட்டர் போல மூட்டை தூக்குகிறவர் அல்ல. கோட்டும் டையுமாக உட்கார்ந்து தபாலைப் பிரித்து வைப்பவர். அவருக்குப் பின்னால் சுவரில் எழுத்துக்கு ஒன்றாக மர அறைகள். அப்பாவின் பெயருக்கு எம். தினமும் இரண்டு வேளை எம் அறையைத் துழாவினேன். ஊரிலிருந்து ஒரு வரி வராதா என்று ஏங்கினேன். காலியாகவே இருந்தது.

எட்டாவது நாள் சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் போர்ட்டர் ஓர் உறையோடு வந்து நின்று ஏதோ ஒரு பெயரை வாசித்தார். கடித்துத் துப்பின மாதிரி ஒரு பெயர். யாரும் எழவில்லை. மறுபடி வாசித்தார். பக்கத்திலிருந்தவன் சிரித்தான், நானும் சிரித்தேன். எந்தத் தேசத்துக்காரனோ பாவம் என்று உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து, விடுதியில் இருந்த வங்காளி மாணவன் ஓர் உறையோடு என் அறைக்கு வந்தான். அவன் தபாலுக்கு ஆர் அறை. அதில் இது பல நாளாகக் கிடக்கிறது, மதராஸ் பக்கத்துப் பெயர் போலத் தெரிகிறது, உனக்கு ஆளைத் தெரியுமா என்று கேட்டான். உறையில் என் பெயர் இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது அண்ணனுக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்த விலாசம்; எம் அறையைத் துழாவும்போது அது நினைவில் இல்லை.

அப்பா கவலைக்கிடம், நீ சேர்ந்த சேதி கேட்கிறார், உடனே தந்தி கொடு. தந்தியில் அவ்வளவுதான் இருந்தது.

கோட்டுப் போடாமல் தபாலாபீசுக்கு ஓடினேன். சுகமாகச் சேர்ந்தேன் என்று தந்தி கொடுத்தேன். மறுநாள் பதில் வந்தது. அப்பா தவறி ஏழு நாள் ஆகியிருந்தது. முதல் தந்திக்கே வாய் திறக்காதவனுக்கு இரண்டாவது எதற்கு என்று அண்ணன் விட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை என்று வெட்கம் வந்தது. போர்ட்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். கூடத்தில் இரண்டு தடவை கூப்பிட்டேனே, நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள் என்று அவர் மரியாதையாகவே கேட்டார்.

பிறகு அண்ணனின் கடிதம் வந்தது. கடைசி இரண்டு நாளும் அப்பா கஞ்சித் தண்ணியைக்கூட ஒதுக்கிவிட்டு, பையன் போய்ச் சேர்ந்தானா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாராம். என் வேடிக்கைக் கடிதம் கருமாதி அன்று வந்து சேர்ந்ததாம். பங்காளிகள் சேதி கேட்டு நெருக்க, பந்தலில் வைத்தே அண்ணன் அதைப் படிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு மேல் அவர் எழுதவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்பினேன். மறுநாள் காலை அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் குமாஸ்தாவைச் சொன்னேன், குடும்பப் பெயரைச் சொன்னேன், மர அறைகளைச் சுவரில் விரலால் வரைந்து காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"அதெல்லாம் எனக்கு வெளங்கலை சாமி. தந்தி வந்தன்னைக்கு அங்க யாருமே உம்பேரைச் சொல்லிக் கூப்பிடலையா?"

"கூப்பிடலீங்கம்மா" என்றேன்.