பின்பக்கத்தில் என் பெயர்

இருநூற்று நாற்பது வாழ்த்து அட்டைகளின் பின்பக்கத்தில் என் பெயரை ரப்பர் முத்திரையால் குத்தினேன். அவற்றின் முன்பக்கத்தில் ஒரு கோடுகூட என்னுடையதல்ல. அந்தப் படங்களை உருவாக்கியவர் அப்போது பொன்னுக்குவீங்கி வந்து, தாடையில் துணி கட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் படுத்திருந்தார். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை அந்தப் பெயரால் எனக்குக் கிடைத்தது. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பது வயதுக்கு மேல் ஒருவன் தன்னைப் பற்றிப் பொய் சொல்வதில் ருசி இல்லை.

அறுபதுகளின் கடைசியில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியர். அவர் கைத்தொழில் டீச்சர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், தற்காலிகப் பணி. தையல், பின்னல், காகிதப் பூ எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு மதியம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், சமைக்காத ஒரு வெண்டைக்காயை வெளியே எடுத்தார். குறுக்கே நறுக்கினார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த சிவப்பு மைப்புட்டியின் மூடியில் அதைத் தொட்டு, ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தி எடுத்தார். ஐந்து இதழ்களோடு ஒரு பூ, நடுவில் விதைகளின் இடம் வெள்ளைப் புள்ளிகளாக. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மறுபடி அழுத்தினார், மறுபடி ஒரு பூ. அரை நிமிடத்தில் தாள் முழுக்கத் தோட்டம். "இதை ரப்பர்ல வெட்டினா எத்தனை வருஷம் வேணா பூக்கும் சார்" என்றார். "ஒரு பழைய ஹவாய் செருப்பு இருந்தா குடுங்க. உங்க கால்ல இருக்கிறதே போதும், அது செத்து ரொம்ப நாளாச்சு."

அன்று மாலை நான் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனேன்.

அந்த ஆண்டு தலைமையாசிரியருக்கு ஓர் ஆசை. பள்ளிப் பிள்ளைகளின் வீடு ஒவ்வொன்றுக்கும் கையால் செய்த வாழ்த்து போக வேண்டும், கிறிஸ்தவ வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து, மற்றவர்களுக்குப் பொங்கல் வாழ்த்து. டீச்சரிடம் சொன்னார். டீச்சர் என்னைத் துணைக்குக் கேட்டார். நவம்பர் முழுக்கப் பள்ளி விட்டதும் நாங்கள் கைத்தொழில் அறையில்தான் இருந்தோம். கதவு திறந்திருக்கும், பியூன் வந்துபோய்க்கொண்டிருப்பார். தேய்ந்த செருப்பின் அடியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பென்சிலால் வரைந்து, அரை பிளேடால் கோட்டின் ஓரத்தைச் சாய்த்து அறுத்து, தீட்டிய குடைக்கம்பியால் நடுவில் இருப்பதை நோண்டி எடுப்பார் டீச்சர். அதை உடைந்த சிலேட்டுச் சட்டத்தில் ஒட்டினால் முத்திரை. சோப்பு டப்பா மூடியில் கம்பளித் துண்டை மடித்து வைத்து, மையில் சில சொட்டு கிளிசரின் விட்டு ஊற்றினால் மைத்திண்டு. மை காய்வதற்குள் ஜிகினாத் தூளைத் தூவி ஒரு தட்டு தட்டினால், தூள் எல்லாம் உதிர்ந்து படத்தில் மட்டும் நிற்கும். அந்தத் தட்டலுக்காகவே நான் ஓடி வருவேன். ஒவ்வொரு முறையும் முத்திரையைத் தூக்கும்போது உள்ளே என்ன இருக்கிறதோ என்று நெஞ்சு துடிக்கும். நூறாவது அட்டைக்கும் அப்படித்தான் துடித்தது.

பானை, சூரியன், கரும்பு, கொம்பில் பூச்சுற்றிய மாடு, நட்சத்திரம், தொழுவம், மூன்று ஒட்டகங்கள். அட்டைகள் மட்டுமல்ல, கேக் துண்டு வைத்துக் கொடுக்கச் சின்னக் காகிதப் பெட்டிகள், புத்தகத்துக்கு அடையாளச் சீட்டு, மெழுகுவத்தியைச் சுற்றி நிறுத்தும் காகிதக் கூண்டு என்று டீச்சர் பெருக்கிக்கொண்டே போனார். எனக்கு வேலை அழுத்துவதும் மடிப்பதும்தான். ஒருநாள் நானும் ஒரு கிளி செதுக்கினேன். அவர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "சார், இது பறந்துகிட்டிருக்கா, இல்ல வலிப்பு வந்திருக்கா?" பியூன் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், நம்ம சார பேஜார் பண்றீங்க! கோயி நல்லாத்தான் கீது" என்றார். கோழியாகிவிட்ட கிளியை மூவரும் வயிறு வலிக்கச் சிரித்துக் குப்பையில் போட்டோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்த மாதம் வேறு இல்லை.

ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும், கீழே ஓரமாக, அந்த வெண்டைப் பூவைச் சின்னதாகக் குத்த வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. அதுதான் அவர் கையெழுத்து. முன்பக்கம் எல்லாம் முடிந்து, பின்பக்கம் மட்டும் மீதி இருந்தபோதுதான் அவருக்குத் தாடை வீங்கியது. பத்து நாள் வெளியே வரக் கூடாது.

கிளி போன கோபத்தில் நான் வீட்டில் ரகசியமாகச் செதுக்கிப் பழகியிருந்தேன். என் பெயரை மட்டும் ஒருவழியாகச் செதுக்க வந்துவிட்டது. டீச்சர் வந்ததும் காட்டலாம் என்று பையில் வைத்திருந்தேன். தனியாக உட்கார்ந்திருந்த அந்த மாலை, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஓர் அட்டையின் பின்னால் அழுத்தினேன். அழகாக விழுந்தது. ஒட்டகங்களின் பின்னால் என் பெயர். இன்னொன்று. பிறகு இன்னொன்று. எத்தனையாவது அட்டையில் விளையாட்டு நின்றது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கட்டுகளை எடுத்துப் போக வந்த பியூன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "சார், டீச்சரு பூவக் காணோமே? ஒன் பேருதான கீது?"

"டீச்சர்தான் அப்படிப் போடச் சொன்னாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற வாழ்த்துகளை எல்லாம் முன்னறையில் குறுக்கே நூல் கட்டி, துணி உலர்த்துவது போல வரிசையாகத் தொங்கவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு வருகிற விருந்தாளி கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே அந்த வரிசையோடு நடந்து, யார் யாருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டர் வீட்டுக்கு அப்படி விருந்துக்கு வந்தவர், நகரத்தில் வாழ்த்து அட்டை அச்சடிக்கும் அச்சகத்தின் முதலாளி. அவர் ஒட்டகங்களைப் பார்த்தார், திருப்பினார். ஜனவரியில் பள்ளி முகவரிக்கு என் பெயரில் கடிதம் வந்தது. இவற்றைச் செதுக்கியவர் நீங்கள்தானென்றால் வந்து பாருங்கள், எங்களுக்குப் படம் போட ஆள் தேவை.

அந்தக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்த அன்றுதான் டீச்சர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வீக்கம் எப்போதோ வற்றியிருந்தது; அவர் வேலைக்குத் திரும்புமுன்பே அட்டைகள் எல்லாம் போய்விட்டதால் பின்பக்கத்தை அவர் பார்த்திருக்கவில்லை. "ஏப்ரலோட என் போஸ்ட்டை எடுத்துடறாங்களாம் சார். தம்பி வீட்டுல எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிட முடியும்? உங்களுக்கு நாலு பேரைத் தெரியும். எங்கயாவது வேலை இருந்தா சொல்லுங்க." நான் சொல்கிறேன் என்றேன். பேசும்போது பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை கைத்தொழில் அறை அலமாரியிலிருந்த டீச்சரின் முத்திரைகளைப் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன். அச்சகத்தில் யாரும் என்னைச் செதுக்கிக் காட்டச் சொல்லவில்லை. முத்திரைகளை அழுத்திப் பார்த்தார்கள், வியந்தார்கள். பள்ளி வேலையை விடாமல் வார இறுதியில் வந்தால் போதும் என்றார்கள். ஏப்ரல் முடிந்து டீச்சர் போனார். பிரிவு உபசாரத்தில் அவரைப் பாராட்டிப் பேசியது நான்தான்.

அடுத்த பொங்கலுக்கு அந்தப் படங்கள் ஆயிரக்கணக்கில் அச்சாகித் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கடைக் கொடிகளில் தொங்கின. அவை தொங்கத் தொடங்கிய மூன்றாம் நாள், பள்ளி விடும் நேரத்தில் டீச்சர் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு பொங்கல் வாழ்த்து. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்தக் கரும்புல மூணாவது கணுவ சாய்ச்சு வெட்டிட்டேன்னு அன்னைக்கு வருத்தப்பட்டேன், ஞாபகமிருக்கா சார்? அப்படியே அச்சாயிருக்கு." அட்டையைத் திருப்பினார். அச்சகத்தின் பெயருக்குக் கீழே, ஓவியம் என்று போட்டு என் பெயர். "வெண்டைக்காய் நறுக்கினது நான். குழம்பு வச்சு ஊருக்கே ஊத்திட்டீங்க. அது கூடப் போகட்டும். வேலை இருந்தா சொல்லுங்கன்னு உங்ககிட்டதானே சார் கேட்டேன்?"

பிள்ளைகள் எங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு வேளச்சேரி சாலைப் பக்கம் நடந்து போனார்.

ஒரு வாரம் கழித்து அச்சக முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "போன வருஷம் நான்தான்னு வந்தீங்க. இந்த வருஷம் ஒரு அம்மான்றீங்க. அடுத்த வருஷம் யாரு? என்ன சார், அந்தம்மா மிரட்டுறாங்களா?" அதோடு எனக்கு அங்கே வேலை முடிந்தது. டீச்சர் வீட்டுக்கும் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை. "உங்க பேரு எத்தனை வீட்டுக்குப் போச்சு சார்? அத்தனை பேரும் அதைத்தான் நம்புவாங்க. நான் போய் நின்னா திருடி நான்தான்."

எத்தனை வீட்டுக்கு. அந்த வார்த்தை மாதக்கணக்கில் என்னை விடவில்லை. பிறகு ஒருநாள் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது சட்டென்று விளங்கியது. முகவரிகள் எல்லாம் பள்ளியில் இருக்கின்றன. எந்த வழியாகப் பொய் போனதோ அதே வழியாக உண்மையையும் அனுப்பலாமே! அன்றைக்கே ஒரு செருப்பை அறுத்தேன். விரலை மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டேன். முதல் பூ உடைந்தது, இரண்டாவது பல்சக்கரம் போல வந்தது. ஆறாவதோ ஏழாவதோதான் பூவென்று சொல்லத்தக்கது, அதிலும் ஓர் இதழ் கூடுதல். ஆனால் மையில் தொட்டு அழுத்தித் தூக்கியபோது நெஞ்சு பழையபடி துடித்தது. அறையில் தனியாக நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தேன். டிசம்பருக்குள் இருநூற்று நாற்பதும் முடிந்தன. வெளியே பூவும் வாழ்த்தும். உள்ளே என் கையெழுத்தில்: சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு உங்கள் வீட்டுக்கு வந்த அட்டையின் பின்பக்கத்தில் என் பெயர் இருந்தது. அது பொய். அதைச் செய்தவர் எங்கள் கைத்தொழில் டீச்சர். அச்சில் வந்த பொங்கல் வாழ்த்துகளும் அவருடையவை. கீழே என் பெயர், பேனாவால்.

பியூன் ஒன்றைப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "சார், இத்தப் போய் நான் குடுக்கணுமா? எட்மாஸ்டர் வூட்டுக்குமா?"

"எல்லா வீட்டுக்கும்."

"மானம் பூடும் சார்." சைக்கிளில் அட்டைக் கட்டுகளை ஏற்றிக் கட்டிவிட்டு, "அன்னிக்கே எனக்குத் தெரியும். நானும் கேக்காம வுட்டுட்டேன்" என்றார்.

நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் அந்த அட்டையை ஒளித்து வைக்கவில்லை. வாழ்த்து என்று வந்ததால் வாழ்த்துகளோடு சேர்த்தே நூலில் தொங்கவிட்டார்கள். பெருங்களத்தூர் முதல் சேலையூர் வரை முன்னறைகளில் என் குற்றம் காற்றில் ஆடியது. கேக்கைக் கடித்தபடி விருந்தாளிகள் அதைப் பிரித்துப் படித்தார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "பண்டிகை நாள்ல எழுதுற விஷயமாய்யா இது?" என்று அரைமணி நேரம் கத்தினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்தப் போஸ்ட்டை எடுத்ததுல எனக்கும் பங்கிருக்கு" என்றார். டாக்டர் வீட்டம்மா தன் அட்டையை அச்சக முதலாளிக்கு அனுப்பிவைத்தார். அந்த ஜனவரியில் அவர் டீச்சரை அழைத்தார். எதிரிலேயே செதுக்கிக் காட்டச் சொன்னாராம். டீச்சர் இருபது நிமிடத்தில் அவருடைய மீசையைச் செதுக்கிக் காட்டினாராம். பியூன்தான் வந்து சொன்னார்.

டீச்சர் நகரத்துக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் தாம்பரம் நடைமேடையில் எதிரே வந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர் நின்றார். "ஊர்ல எல்லார் வீட்டுலயும் தொங்குதாமே சார். எங்க வீட்டுக்கு மட்டும் வரலை?"

ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருநூற்று நாற்பது பேரிடம் சொல்லிவிட்டேன், யாருக்குத் தவறு செய்தேனோ அவரிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, பயத்தில்.

அன்று மாலையே இன்னோர் அட்டை செய்தேன். உள்ளே எழுதியது நீளமில்லை: வேலை இருக்கிறதா என்று நீங்கள் கேட்டபோது அந்தக் கடிதம் என் பையில் இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்துக்குச் சைக்கிளில் போய், வாசலில் நின்று நீட்டினேன். அவர் வாங்கி முன்பக்கத்தைப் பார்த்தார். பிரித்துப் படித்தார். அந்த வரியை இன்னொரு முறை படித்தார். அது அவருக்கு அதுவரை தெரியாது. பிறகு மெல்லத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இனி எந்த அட்டையின் பின்னாலும் என் பெயரை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். பேனாவோடு வந்தார்.

"பின்னாடி உங்க பேரைப் போடுங்க" என்றார். "இதை நீங்கதானே செஞ்சீங்க."

சைக்கிள் சீட்டின் மேல் வைத்துப் போட்டேன். சீட்டின் வளைவில் கடைசி எழுத்து இழுத்துக்கொண்டு போனது. அவர் மை காயும்வரை ஊதிவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. நானும் சைக்கிளைத் திருப்பினேன்.